பந்து வந்த வழி

என் சிவப்பு ரப்பர் பந்து ஒரு ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் கிடந்துவிட்டு, தப்பான பக்கமாக வெளியே வந்தது. அதைக் கண்டு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான்.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நாங்கள் மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. முதலில் அப்பா வந்தார், பிறகு அம்மாவும் நானும், எங்கள் பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், அம்மாவின் தம்பியான மாமா. அப்பா எங்கள் ஊர்க்கார மேஸ்திரி ஒருவரின் கீழ், தமிழ் ஆட்களோடேயே, கொத்தனாராக இருந்தார். அந்த வருடம்தான் முதன்முதலாக ஒரு வேலை அவர் பேரிலேயே கிடைத்தது.

சுள்ளிக்கலில் ஒரு புது வீடு. வீட்டுக்காரருக்கு வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் உத்தியோகம். வீடு முடிந்துவிட்டது, குளியலறையிலிருந்து கொல்லைப்புறத் தோடு வரைக்கும் சிமெண்ட் குழாய் பதிப்பதுதான் பாக்கி. தோட்டு வேலை என்று அப்பா சொன்னதும் அம்மா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மலையாளத்தில் தோடு என்றால் வாய்க்கால். இந்த வேலை நன்றாக அமைந்தால் அதே வரிசையில் வரப்போகிற இரண்டு வீடுகளும் உங்களுக்கே என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அமையாவிட்டால் பழைய மேஸ்திரியிடமே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். யாராவது "மேஸ்திரி" என்று கூப்பிட்டால் அப்பா அப்போதெல்லாம் உடனே திரும்ப மாட்டார். இரண்டாம் தடவையும் கூப்பிடட்டும் என்று காத்திருப்பார். அந்தச் சொல் அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

எனக்கு ஓண லீவு. அம்மா இறால் உரிக்கப் போய்விடுவாள் என்பதால் அப்பாவோடு நானும் பந்துமாகச் சுள்ளிக்கலுக்குப் போனோம்.

குழாய் வேலையைத் தாழ்ந்த முனையிலிருந்துதான் தொடங்குவார்கள். தோட்டின் கரைச்சுவரில் ஏற்கெனவே இருந்த ஓட்டையில் முதல் குழாயை வைத்தார் அப்பா. அதன் அகன்ற வாய் வீட்டைப் பார்த்திருக்கும். அதற்குள் அடுத்ததைச் செருகி, இடுக்கில் சணலைத் திணித்து, கலவை பூசி, ஒவ்வொன்றாக வீட்டை நோக்கி வர வேண்டும். ஒவ்வொரு குழாயும் முந்தியதைவிடச் சற்று உயர வேண்டும். வாட்டம் என்பார் அப்பா. அது சரியாக வருவதற்காகக் குளியலறை ஓரம் ஒரு முளை அடித்து, தோடு வரைக்கும் நூல் கட்டியிருந்தார்.

தீவுக்குப் படகு பிடிக்கக் கிளம்பிய வீட்டுக்காரர் குடையை இடுக்கிக்கொண்டு வந்து நூலைப் பார்த்தார்.

"மேஸ்திரி, இவிட குறச்சு பொக்கணம், கேட்டோ" என்று முளையைக் காட்டிச் சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார்.

அதில் அப்பாவுக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று. மனிதர் குறைக்கச் சொல்கிறார்.

"கொறைச்சா வாட்டம் செத்துப்போவுமே அத்தான்?" என்றார் கையாளாக வந்திருந்த மாமா.

"அவிய ஊரு தண்ணி. எப்படிப் போவும்னு அவியளுக்குத் தெரியாதா?"

ஓடிப்போய் இன்னொரு தடவை கேட்பது மேஸ்திரிக்கு அழகில்லை என்றும் நினைத்திருப்பார். முளையை ஆறு விரற்கடை கீழே இறக்கினார்.

இதெல்லாம் நடந்தபோது நான் மணல் குவியலில் உட்கார்ந்து பந்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்பு, மலையாளப் பள்ளிக்கூடம். குறச்சு என்றால் கொஞ்சம், பொக்குவது என்றால் உயர்த்துவது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அது பள்ளிக்கூடத்து பாஷை. அப்பா பேசுவது வீட்டு பாஷை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் மத்தியானம் கடைசிக் குழாயும் பதிந்தது. மாமா என் பந்தைப் பிடுங்கினார். மேல்முனையில் போட்ட பந்து தோட்டில் வந்து விழுந்தால் வேலை சுத்தம் என்றார். நான் தோட்டுக்கரைக்கு ஓடிப்போய்க் கையேந்தி நின்றேன். பந்து வரவில்லை. மாமா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் அரைமனதாக வந்தது, பந்து வரவில்லை. வீட்டுக்காரர் வேலை முடிந்து திரும்பும் வழியில் எட்டிப் பார்த்த நேரத்தில் நான் ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தேன். கலவை கொஞ்சம் உள்ளே பிதுங்கியிருக்கும், காலையில் பார்க்கலாம் என்றார் அப்பா.

காலையில் கடல் ஏற்றம். எங்கள் ஊர்ப் பக்கம் தண்ணீர் வந்தாலே பெரிய காரியம். வந்தால் ஒரு பக்கமாகத்தான் போகும். இங்கே கடல் ஏறினால் தோடும் ஏறும், தண்ணீர் போன வழியே திரும்பி வரும். குழாயின் மேல்முனை திறக்கிற, குளியலறை ஓரத்துத் தொட்டியில் கலங்கல் தண்ணீர் நிறைந்து நின்றது. நடுவில் என் பந்து.

"பந்து வந்துட்டு! பந்து வந்துட்டு!" என்று குதித்தேன்.

அப்பா பந்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். அப்படியே தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள்.

"ஏத்தம் எறங்கினதும் தண்ணியும் எறங்கிரும். மண்ணைத் தள்ளி மூடிருவோம் அத்தான்" என்றார் மாமா. பிறகு என் பக்கம் குனிந்தார். "ஏட்டி, சார் கேட்டா, பந்து தோட்டுப் பக்கம் வந்துச்சுன்னு சொல்லணும். என்னா?"

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் வந்தார். முந்தின நாள் அழுகை அவர் நினைவில் இருந்தது.

"மோளே, பந்து கிட்டியோ?"

கிடைத்தது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். மாமா கண்ணை உருட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் என் பந்தின் சாமர்த்தியம் எனக்குத் தாங்கவில்லை.

"கிட்டி! ஈ தொட்டியில் வந்நு. தனியே வந்நு!"

அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது. "ஞான் பொக்கான் அல்லே பறஞ்ஞது?"

"நீங்கதான சார் கொறைக்கச் சொன்னிய?" என்று அப்பா எழுந்து நின்றார்.

நான் சொல்லவே இல்லை என்றார் அவர். என் காதால் கேட்டேன் என்றார் அப்பா. குரல்கள் ஏறின. அப்போதுதான் எனக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது, சிரிப்பு பீறிட்டது.

"அப்பா, குறச்சுன்னா கொஞ்சம்! கொஞ்சம் உசத்தச் சொல்லியிருக்காரு!"

வீட்டுக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். மாமாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"அன்னைக்கு நீ இங்கதான இருந்த?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன் பெருமையாக.

பூசிய இடங்களை எல்லாம் உளியால் கொத்திப் பிரித்து, முளையை உயர்த்தி, சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் மறுபடி பதித்தார்கள். இந்தத் தடவை பந்து கடகடவென்று உருண்டு தோட்டில் விழுந்து, வடிகிற தண்ணீரோடு போயே போய்விட்டது. அன்று நான் அழுததை யாரும் பொருட்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பால் பொங்கியது. அடுத்த இரண்டு வீடுகளும் அப்பாவுக்கே கிடைத்தன.

லீவு முடிந்த பிறகும் அப்பா காலையில் என்னை வேலையிடத்துக்குக் கூட்டிப்போய்விட்டுத்தான் பள்ளிக்கு அனுப்பினார். வீட்டுக்காரர்கள் ஏதாவது சொன்னால் உடனே தலையாட்ட மாட்டார், என்னைப் பார்ப்பார். நான் ஆட்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கணீரென்று தமிழில் சொல்வேன். அவர் யாரையும் பார்க்காமல் பள்ளத்தில் இறங்கிவிடுவார். அதற்குப் பிறகு "மேஸ்திரி" என்று யாராவது கூப்பிட்டால் அப்பா முதல் தடவையிலேயே திரும்பினார். அந்தப் பெயர் அவருக்குப் பழகிவிட்டது என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டேன்.