மூன்று சட்டைக்கு ஒரே சீத்தை

வீட்டில் தைக்கிறவர்களுக்குக் கொழும்பில் நல்ல துணிக்கடை எது என்று கேட்டிருந்தீர்கள். இன்று புறக்கோட்டையில் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

மற்றக் கடைகளிலெல்லாம் ஜப்பான் நைலெக்ஸ் துணியைத்தான் நீட்டினார்கள். எங்கள் கல்முனை வெயிலுக்கு அதைப் பிள்ளைகள் உடம்பில் போட முடியுமா? இந்தக் கடையில்தான் சாயம் போகாத பருத்திச் சீத்தை இருந்தது, மஞ்சள் பூப்போட்டது.

எங்கள் வீட்டில் பெருநாளுக்குப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே துணியில்தான் தைப்பேன்.

"எத்தின சட்டைக்கு தங்கச்சி?" என்றார் கடைக்கார நானா.

"மூணு பொம்புளப் புள்ளைகளுக்கு நானா. மூத்தவளுக்குக் கொஞ்சம் நீளமா வேணும்."

அவர் அளந்து வெட்டினார். பக்கத்தில் நின்ற என் கணவர் காசைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டார். தெருவுக்கு வந்த பிறகுதான் கதைத்தார்.

"நீ கேக்கக்குள்ள தடுக்க எனக்கு மனசு வரல்ல புள்ள."

மூத்தவள் காய்ச்சலில் மௌத்தாகி, அவள் இல்லாமல் வரும் முதல் பெருநாள் இது.

கடை நல்ல கடைதான், நம்பிப் போங்கள். வெட்டிய துணியை மட்டும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

ஒரு சட்டைக்கான துணி என்னிடம் மிச்சம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே. அதில் என்ன தைக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.