பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது

கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அவன் வேலை பார்க்கும் கப்பலில் வைஃபையை நிறுத்திவிட்டார்கள். அதுவரை எங்கள் காதல் முழுக்க வாய்ஸ் மெசேஜில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இனி வீட்டுக்கு ஒரு மெயில், அதுவும் வாரத்துக்கு ஒன்று, கேப்டனுடைய முகவரி வழியாகத்தான் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு என்றால் அவன் வீட்டுக்கு. நான் எந்த வீட்டுக் கணக்கிலும் வரவில்லை.

அவன் வீடு எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளம். ராயபுரத்தில் ஒரே மாடிப்படி, இரண்டு குடித்தனம். அவன் அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர், எழுதப் படிக்கத் தெரியாது. தெரு முழுக்க அவரை அக்கா என்று கூப்பிடும். நான் மட்டும் ஜாக்கிரதையாக ஆன்ட்டி என்பேன். அக்கா என்று சொன்னால் அவர் மகன் எனக்கு என்ன முறை ஆவான் என்று யோசித்துப் பாருங்கள்.

திருவொற்றியூரில் கன்டெய்னர் ஆபீஸ் வேலை முடிந்து நான் வந்ததும் அவர் படியேறி வந்தார். "நீதான் நாள் பூரா கம்ப்யூட்டர் தட்டிகினு கீறியே. நான் சொல்றேன், நீ போடு" என்றார். எனக்கு உள்ளுக்குள் லாட்டரி அடித்த மாதிரி இருந்தது, வெளியே பெரிய உதவி செய்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். சங்கரா மீன் விலை இறங்கிவிட்டது, எதிர் வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது, லாரிக்காரன் தெருமுனைச் சுவரை இடித்துவிட்டான், வேளைக்குச் சாப்பிடு. அவ்வளவுதான். டிவியில் கப்பல் எரிவதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "பத்திரமா வந்துடுன்னு ஒரு வரி போடட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"வாய மூடு. போனவன பின்னாலருந்து கூப்டக் கூடாது."

வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புகிறவனுக்குத்தான் அந்தச் சாஸ்திரம் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது கடல் தாண்டியும் செல்லும், மெயிலுக்கும் செல்லும். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கீழே இறங்கியதும் அடியில் என் பங்குக்கு நாலு வரி சேர்த்து அனுப்பினேன்.

பதிலும் அப்படியே கலந்து வந்தது. அம்மாவுக்குப் பாதி, எனக்குப் பாதி, எது எங்கே முடிகிறது என்று பிரிக்காமல் எழுதியிருந்தான் அந்த மடையன். "இட்லி ஞாபகமாவே கீதும்மா" என்று உரக்கப் படித்துக்கொண்டே போவேன், அடுத்த வரியில் என் கண்ணைப் பற்றி ஏதாவது இருக்கும். சட்டென்று நிறுத்தி அதைத் தாண்டுவேன். "இன்னா நடு நடுவுல நிறுத்தற?" என்பார். நெட் சரியில்லை என்பேன். கேப்டன் கேரளாக்காரர் என்றும் சங்கரா விலை ஏறிவிட்டதா என்று அவர் விசாரித்தார் என்றும் ஒரு தடவை எழுதியிருந்தான். மனுஷன் எல்லாவற்றையும் படிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

பிறகு அந்த மெயில் வந்தது. சண்டை நடக்கிற கடல் வழியாகத்தான் கப்பல் போகப்போகிறதாம். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் கப்பலிலேயே இருக்கலாம். இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். "எல்லாரும் போட்டுட்டாங்க. நான் மட்டும் எறங்கனா அசிங்கமா கீது. அம்மா இன்னா சொல்லுதோ அத்த செய்றேன்" என்று எழுதியிருந்தான்.

இதை ஒரு வரி விடாமல் படித்தேன். "சொல்லுங்க ஆன்ட்டி, இப்பவே வரச் சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே அழுகை மாதிரி கேட்டது.

"அவங்கப்பன நான் ஒரு தபா கூப்ட்டேன்" என்றார். "சோத்து டப்பாவ மறந்துட்டு போட்ல ஏறிகினு இருந்தாரு. பின்னாலருந்து கத்தனேன். வாங்கிகினு போனாரு, அத்தோட சரி."

அவன் அப்பா கடலில் இறந்துபோனார் என்பது தெரியும். இது தெரியாது. அந்தச் சாஸ்திரத்தைப் பார்த்துச் சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம். இவர் கூப்பிடமாட்டார், அவன் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

"நீ கூப்டு" என்றார்.

"நானா?"

"நான் சொன்னதுக்கு கீழ நீயா போடுவியே, அதுல." நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "எனுக்கு படிக்கத்தான் தெரியாது. அவன் லெட்டர நீ படிக்க சொல்லோ உன் மூஞ்சியத்தான பாத்துகினு கீறேன்."

"நான் கூப்பிட்டா மட்டும் தப்பில்லையா?"

"பெத்தவ பின்னால நிக்கறவ. நீ முன்னாடி நிக்கறவ. முன்னாடி நின்னு கூப்டா ஒண்ணும் ஆவாது."

இதை அவர் எங்கிருந்து பிடித்தார் என்று தெரியவில்லை. அப்போதே உண்டாக்கியிருப்பார். ஆனால் நம்பித்தான் சொன்னார். நானும் நம்பிவிட்டேன். சங்கரா, பூனை எதுவும் இல்லாமல் ஒரே வரி தட்டினேன்: கையெழுத்துப் போடாதே, என்கிட்ட வா. கேப்டன் படித்தால் படிக்கட்டும். அனுப்பும் பொத்தானை அழுத்த விரல் வரவில்லை. அவர்தான் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாளிலேயே ஒரு வரி வந்தது, இறங்குகிறேன் என்று. மாடிப்படியிலேயே படித்துச் சொன்னேன். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்குள் போனார். அப்பா பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"எம் புள்ளய கப்பல்லருந்து கூப்ட்டது உன் பொண்ணு" என்றார் அப்பாவிடம். "கூப்ட்டவளே வெச்சிக்கட்டும்."