சம்பந்தத்தின் மிலிட்டரி ஜீப்

சேலையூர் சம்பந்தத்துக்கும் பட்டாளத்துக்கும் இருந்த ஒரே உறவு ஒரு பழைய ஜீப். ஏரிக்கரை நிலத்தை மனை போட்டு விற்ற கையோடு, ராணுவம் கழித்துவிட்ட அந்த ஜீப்பை ஏலத்தில் எடுத்தார். தாம்பரம் மெக்கானிக் ஜெபராஜ்தான் புது கார்புரேட்டரும் புது டைனமோவும் போட்டு அதை ஓட வைத்தார். அன்றிலிருந்து கல்யாணமோ கருமாதியோ, சம்பந்தம் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு அதில்தான் வந்து இறங்குவார். "நாட்டுக்கு ஒண்ணுன்னா மொதல்ல என் ஜீப்புதான் போவும்" என்று மீசையை முறுக்குவார். அதையும் நாங்கள் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. ஓடுகிற ஜீப்பையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அன்றே நம் வீரர் ஜெபராஜிடம் ஓடினார்.

"புதுசு எல்லாத்தையும் கயட்டிட்டு, பழைய ஓட்டை சாமானையே மாட்டிடுப்பா. வண்டி ஓடவே கூடாது."

"ஓட வைக்கத்தான் எல்லாரும் கூப்புடுவாங்க. ஓடாம வைக்கக் கூப்புட்டது நீங்க ஒருத்தர்தான் சார்" என்றார் ஜெபராஜ். ஆனாலும் சொன்னபடி செய்து கொடுத்தார்.

ஜீப்பைக் கேட்டு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. சண்டையில் நாடு ஜெயித்தது. ஊரில் ஊர்வலம் என்றார்கள். கழற்றியதைத் திரும்ப மாட்ட ஜெபராஜ் வர மறுத்துவிட்டார். சம்பந்தம் அசரவில்லை. தன் ஏர் மாடுகள் இரண்டையும் ஜீப்புக்கு முன்னால் பூட்டி, அதில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்துக்கொண்டே போனார்.

நாட்டுக்காகப் புறப்பட்டவை அந்த மாடுகள் மட்டும்தான். ஊர் மாலையைச் சம்பந்தத்தின் கழுத்தில் போட்டது.