விழத் தெரிந்தவள்

வேலூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது எங்கள் பெண்கள் பள்ளிக்குக் கூடைப்பந்து புதிதாக வந்திருந்தது. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுவோம். எனக்கு உயரமும் கிடையாது, குறியும் கிடையாது. விழ மட்டும் நன்றாகத் தெரியும். எதிரணிப் பெண்ணின் தோள் லேசாக உரசினால் போதும், நாலடி தள்ளிப் போய் விழுந்து முனகுவேன். விளையாட்டு டீச்சர் விசில் ஊதி அவள்மேல் தப்பு எழுதுவார். அந்தக் காலத்தில் நாலு தப்பு சேர்ந்தால் அவள் வெளியே போக வேண்டும். என்னை அணியில் வைத்திருந்ததே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் ஆற்காட்டிலிருந்து ஓர் அணி வந்தது. அதில் நெட்டையாக ஒரு பெண். பந்து அவள் கைக்குப் போனால் கூடைக்குத்தான் போகும். அவள்மேல் மூன்று தப்பு ஏறியிருந்தது. அதில் இரண்டு என் உபயம். ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தபோது அவள் பந்தோடு எழும்பினாள். அவள் கை என் ரவிக்கையைக்கூடத் தொடவில்லை. நான் விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நிஜக் கண்ணீரே வந்தது.

விசில் ஒலித்தது. டீச்சரிடம் அந்தப் பெண், "நான் தொடவே இல்ல டீச்சர்" என்றாள். யாரும் கேட்கவில்லை. எங்கள் பெண்கள் அவளை முரடு என்றார்கள். அவள் தலை குனிந்தபடி வெளியே நடக்கத் தொடங்கினாள்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த என் சின்னம்மா, ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதற்குள் என்னிடம் வந்துவிட்டாள். முழங்காலை அழுத்திப் பார்த்தாள். ஒருமுறை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து டீச்சரிடம் சொன்னாள்: "இவ கால் தானா பிசகியிருக்குது. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. இவ இனிமே ஆடக் கூடாது."

நெட்டைப் பெண் திரும்ப வந்து இரண்டு கூடை போட்டாள். முழங்காலில் பெரிய கட்டோடு உட்கார்ந்து நாங்கள் தோற்பதைப் பார்த்தேன். சின்னம்மாவின்மேல் கோபம் கோபமாக வந்தது.

அதன்பின் ஒரு வாரம், வேலை முடிந்த களைப்போடு தினமும் விடுதிக்கு நடந்து வந்தாள். கட்டை அவிழ்ப்பாள், எண்ணெய் தடவுவாள், புதிதாகக் கட்டுவாள். "வலி இருக்குதா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். நான் "இருக்குது" என்பேன். ஏழாம் நாள் கட்டை எடுத்துச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். ஆம்பூரில் இருந்த அம்மாவிடம்கூட இதைப்பற்றி அவள் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

ஒரு நர்ஸையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. காயமே இல்லாத காலுக்கு ஏழு நாள் கட்டுப் போட்டவள், அந்த ஏழு நாளும் நானாக ஒரு வார்த்தை சொல்வேன் என்று காத்திருந்தாள் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.