சந்தியில் உடைத்த தேங்காய்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. எழுத்து கோணல், ஞாபகமும் முன்பின்னாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தச் சந்தோஷத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் குடிவந்த இந்த வெளிநாட்டில், குவேக்கர்ஸ் ஹில் என்ற இடத்தில் மகள் புதுக் கார் வாங்கினாள். சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்தாள். பிறகு, ஊரில் செய்வதுபோல கண்ணூறு நாவூறு போகட்டும் என்று தெருமுனைச் சந்தியில் தேங்காய் ஒன்றை ஓங்கி அடித்தாள். பொறுக்குவதற்குள் சிரட்டையில் சறுக்கி, சைக்கிளில் வந்த ஒரு வெள்ளைக்காரர் விழுந்தார். கை முறிந்துவிட்டது. அம்புலன்ஸ் வரும்வரை மகள்தான் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். பொலிசும் வந்தது. கோர்ட்டுக்கு வரச் சொன்னார்கள்.

அப்போதுதான் அவள் முதியோர் இல்லத்தில் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். பழைய குற்றம் ஏதும் உண்டா என்று பார்க்கும் பொலிஸ் செக் சுத்தமாக வந்தால்தான் அந்த வேலை.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி போனில் இன்னும் பயமுறுத்தினான்.

"அக்கா, ஆளுக்குக் காயமெண்டால் அது ஃபெலனி, பெரிய குற்றம். ஆயுசுக்கும் பதிவிலை கிடக்கும்."

அன்று குசினியில் நான் அடுப்பே மூட்டவில்லை.

பக்கத்திலுள்ள செவன் ஹில்ஸில் ஒரு தமிழ்ப் பெண் லோயரிடம் போனோம். தம்பி சொன்னதை மகள் சொன்னதும் அவ சிரித்துவிட்டா.

"அன்ரி, அந்தச் சொல்லெல்லாம் அமெரிக்காவிலை. இங்கை சின்னக் குற்றம் மஜிஸ்ட்ரேட்டோடை முடியும். பெரிசெண்டால் மேல் கோர்ட்டுக்குப் போகும், பதிவிலையும் கனகாலம் நிக்கும். இது சின்னது. குற்றமெண்டு தீர்த்தாலும் கன்விக்ஷன், அதாவது குற்றவாளியெண்ட பதிவு, போடாமல் விடலாம். அதைத்தான் கேக்கப் போறம்."

"அப்ப மாமா சொன்னது?" என்றாள் மகள்.

"மாமாவை அங்கையே தேங்காய் உடைக்கச் சொல்லுங்கோ."

கோர்ட்டில் நான் பின்வரிசை வாங்கில் சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மகள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அவள் ஓடித் தப்பாமல் நின்று உதவியதை லோயர் எடுத்துச் சொன்னா. மஜிஸ்ட்ரேட் அம்மா கன்விக்ஷன் பதியவில்லை. இனி உங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே உடையுங்கள் என்றும் இங்கிலீசில் சொன்னாவாம்.

சில கிழமை கழித்து மகள் போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடி வந்தாள்.

"அம்மா, பொலிஸ் செக் வந்திட்டுது! ஒண்டும் இல்லையாம்!"

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் கூவிய கூவலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உடனே தம்பிக்குப் போன் போட்டேன்.

"டேய், உன்ரை ஃபெலனியை நீயே வைச்சிரு!"

மகள் முதல் நாள் வேலைக்குப் போன காலை, பின்வளவில் நானே தேங்காய் உடைத்தேன். சிரட்டைத் துண்டு ஒன்றும் விடாமல் பொறுக்கினேன்.

சின்னப் பிள்ளைகளோடு வேலையென்றால் பொலிஸ் செக்குக்கு வேறு விதி என்றும் லோயர் சொன்னதாக ஞாபகம். சட்டம் தெரிந்த பிள்ளைகள் யாராவது, நான் எழுதியது சரியா என்று ஒருக்கால் பார்த்துவிடுங்கள்.