ஆஜராக ஆளில்லை

"…அந்தப் பயலுக்கு எவனாச்சும் ஆஜரானா, அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாங்க ஒருத்தரும் போறதில்லன்னு முடிவாயிருச்சு மாப்ள. இன்னொரு பணியாரம் வைக்கச் சொல்லவா?" என்றார் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். காரைக்குடியில் வீடு, பக்கத்து ஊர்க் கோர்ட்டில் வக்கீல். ஆக்லாந்திலிருந்து லீவில் போயிருந்த நான், போதும் என்று தட்டைத் தள்ளி வைத்தேன்.

அந்தப் பயல் என்பது லோடு வண்டி ஓட்டுகிற முருகன். ஒரு வக்கீலின் தம்பியைக் குத்திக் கொன்றதாகக் கேஸ். செய்தானா, இல்லையா, எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே கோர்ட்? வக்கீல்கள் கூடி, அவனுக்காக யாரும் நிற்பதில்லை என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த வக்கீலும் அந்தக் கூட்டத்து ஆள்தானே, உடம்புக்கு முடியவில்லை என்று கழன்றுகொண்டார். ஜாமீன் கேட்க வாயில்லாமல் முருகன் உள்ளே கிடக்கிறான். அவன் மனைவி செல்வி ஒவ்வொரு வக்கீல் வீடாக ஏறி இறங்குகிறாள். எல்லோரும் 'பாவம்' என்கிறார்கள், டீ கொடுக்கிறார்கள், வக்காலத்தில் கையெழுத்து மட்டும் போடுவதில்லை.

ஆக்லாந்தில் எங்கள் வீட்டுக்குள் புகுந்து என் மனைவியின் சங்கிலியை எடுத்துப்போனான் ஒருவன். பிடிபட்டான். அவனுக்கும் அரசாங்கச் செலவில் ஒரு வக்கீலம்மா. சாட்சி சொல்லப்போன என்னை, இருட்டில் முகம் எப்படித் தெரிந்தது என்று குடைந்தெடுத்துவிட்டார். வெளியே வந்ததும் பொறுக்கமாட்டாமல், "யார் யாருக்கெல்லாம் வக்கீல் கொடுப்பீர்கள்?" என்று குத்தலாகக் கேட்டேன். நம் ஊர்க் குத்தல் அங்கே குத்துவதில்லை. "கைதாகி, கையில் காசில்லாவிட்டால் உங்களுக்கும்தான்" என்று கனிவாகச் சொல்லித் தன் கார்டை நீட்டினார். கிழித்தெறிய நினைத்துப் பர்சில் செருகியவன் மறந்தே போனேன். திருடனுக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் அவன் பக்கம் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் கிடைத்தது.

பணியாரத் தட்டை எடுக்கும் முன்பே செல்வி வாசலில் வந்து நின்றாள்.

"ஜாமீன் மனு மட்டும் போட்டுக் குடுங்கய்யா."

"மதுரப் பக்கம் ஆளப் பாரு ஆத்தா. சாப்பிட்டியா? உள்ள போயி ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ."

"சோறு வீட்ல இருக்குய்யா" என்றாள். போகவில்லை, படியிலேயே நின்றாள்.

"உங்களுக்கே இது நல்லாருக்கா மச்சான்?" என்றேன்.

"நீங்க பொட்டியக் கட்டிக்கிட்டுப் போயிருவீக. நாளைக்கு அந்த மூஞ்சிகள்ல முழிக்கப்போறது நானுல்ல?"

விமான டிக்கெட்டை வைத்துக்கொண்டு நியாயம் பேசுகிறவன் வாயை ஊர் இப்படித்தான் அடைக்கும்.

மச்சான் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டார். அவர் மகன் ஆக்லாந்தில் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறான். போன மாதம் காரை ஒருவர்மேல் மோதிவிட்டான்.

"அது கெடக்கட்டும் மாப்ள. நம்ம பயலுக்குக் கேஸ் வருதாம்ல. திருடனுக்கே அப்பிடி நின்னு வாதாடுச்சுன்னு ஒரு அம்மாவச் சொன்னீகளே, அது நம்பர் இருக்கா?"

பர்சைத் திறந்து கார்டை எடுத்தேன். கொடுத்தேனா, அவராகவே பிடுங்கிக்கொண்டாரா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. மச்சான் அதைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துபோய், செல்வி நின்றிருக்கும்போதே வாசல் கதவைச் சாத்தினார்.