கிட்டங்கி மாடியில் ஒரு கச்சேரி

1989, ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு. காலை பத்து மணிக்கு மதுரை பழங்காநத்தத்தில் ராஜபாளையம் பேருந்து ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர். சீட்டு ஏழு ரூபாய் சில்லறை. ஜன்னலோரம் கிடைத்தும் திருமங்கலம் தாண்டுவதற்குள் இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்துவிட்டேன். கல்லுப்பட்டியில் வண்டி நின்றபோது தேநீர் வாங்கி, பாதி குடிக்காமலே வைத்துவிட்டு வந்தேன்.

என் தம்பி சேகர் ராஜபாளையத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். பொங்கல், தீபாவளிக்குக்கூட வீட்டுப் பக்கம் வருவதில்லை. அப்பா யார் யாரையோ பார்த்து மதுரையில் ஒரு நூற்பாலையில் அவனுக்கு வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். "நான் போனா சண்டைதான் வரும். நீ போயி கையோட கூட்டிட்டு வா" என்று என்னை அனுப்பினார். அவனிடம் பேச்சை எங்கே தொடங்குவது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முறையும் அவன் சம்மதிக்கவில்லை.

மதியம் ஸ்ரீவில்லிபுத்தூர். குழுவில் பாடும் கோதையின் வீடு மாடவீதியில் இருக்கிறது. தொலைபேசி நிலையத்தில் அவளுக்கு வேலை. அவள் அண்ணன் நாராயணன் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறார். அன்றைக்கு மாலை ராஜபாளையத்தில் கச்சேரி. எல்லோருக்கும் மதியச் சாப்பாடு அங்கேதான்.

"செத்த நேரம் இருங்கக்கா, வேன் வந்துரும்" என்று கோதை எனக்கும் இலை போட்டாள். சேகர், "வாக்கா" என்றதோடு சரி. கூடத்து மூலையில் ஒயர் சுற்றப் போய்விட்டான்.

அங்கிருந்து ராஜபாளையம் பதினொரு கிலோமீட்டர். வேனில் என் மடியில் ஒரு டிரம், காலடியில் ஸ்பீக்கர் பெட்டி. ஓட்டுநர் தளவாய்புரத்துக்காரர். "எம்புட்டு சாமான ஏத்துதாக, பாத்தீகளா? ஆளு இருக்க எடமில்ல" என்று கண்ணாடி வழியாக என்னிடம் முறையிட்டார். மேற்கே மலை கூடவே வந்தது. பாதிக்கு மேல் மேகம். சேகர் எனக்கு முன் இருக்கையில் இருந்தான். மூன்று தடவை பேச வாயெடுத்தேன். மூன்று தடவையும் பள்ளத்தில் வண்டி குதித்து மடியிலிருந்த டிரம் அதிர்ந்தது.

கச்சேரி நடக்கும் இடம், பஞ்சு வியாபாரி ஒருவருடைய கிட்டங்கியின் மாடி. கீழே பஞ்சுப் பொதிகள், மேலே காலியாகக் கிடந்த ஒரு கூடம். மாதம் ஒரு ஞாயிறு மாலை பாட்டுக்கு விடுகிறார். நுழைவு இரண்டு ரூபாய். மேடை கிடையாது, ஜமுக்காளம்தான். ஐம்பது பேர் உட்கார்ந்தால் அதற்கு மேல் கால் வைக்க முடியாது. "ராண்டி, ராண்டி" என்று வீட்டுத் தெலுங்கில் அழைத்த முதலாளி, என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "முன்னால போயி உக்காருங்கம்மா. பின்னால இருந்தா ஃபேன் சத்தந்தான் கேக்கும்."

முதலில் தேவதானத்திலிருந்து வந்த மூன்று பேர் ஆர்மோனியம், தபேலாவோடு நாலைந்து பாட்டுப் பாடினார்கள். பிறகு சேகரின் குழு. கை நீட்டினால் அவன் கால் படும் தூரத்தில் நான். அதுவரை அவன் வாசித்து நான் கேட்டதேயில்லை. முதல் பாட்டில் அவன் சத்தம் எதுவென்றே பிடிபடவில்லை. இரண்டாவதில் தரை வழியாக முதுகில் ஏறியது. அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை.

மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது. மின்விசிறி, மைக், கீபோர்டு எல்லாம் ஒன்றாக அடங்கின. ஜனம் எழுந்துவிடும் என்று நினைத்தேன், ஒருவரும் அசையவில்லை. நாராயணன் அடியைக் குறைத்துக்கொண்டார். கோதை மைக்கை இறக்கிவிட்டு வெறும் குரலில் பாடினாள். மின்சாரம் இல்லாவிட்டால் சேகரின் கிட்டார் ஊமை. ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. கம்பி மெல்ல உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குப் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. நாராயணன் அவன் விரல்களைப் பார்த்தேதான் அடித்தார். சரணம் முடியுமுன் விளக்கு எரிந்தது. அவன் நாதம் பாட்டுக்கு அடியில் வந்து நின்றபோது கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

மாலை ஐந்தரைக்குப் படியிறங்கியதும் அவனைப் பிடித்தேன். "சேகர், அப்பா..."

"தெரியும்க்கா. நேத்தே கோதை ஆபீசுக்கு போன் பண்ணுனாரு. பையக் கட்டிட்டேன்."

காலையிலிருந்து சேர்த்துவைத்த பேச்சு முழுவதும் வீணாகிவிட்டது. "உனக்கு இஷ்டமாடா?"

"இருபத்தேழு வயசாச்சுக்கா. இன்னும் எத்தன நாளைக்கு?"

கிட்டாரை நாராயணனிடம் கொடுத்தான். அது குழுவினுடையது.

ஆறு மணிப் பேருந்து. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் மில்லைப் பற்றியே பேசினான்: சைக்கிளில் போகலாமா, கேண்டீன் உண்டா, இரவு முறை இருக்குமா. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னால் உட்காரவே முடியவில்லை. யாரைக் கூட்டிக்கொண்டு போக வந்தேனோ அவன் பக்கத்திலேயே இருந்தான். ஆனாலும் தரை வழியாக ஏறிய அந்தச் சத்தம் என்னை விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்தில் ஜன்னலோரம் பால்கோவா விற்றார்கள். கால் கிலோ வாங்கினேன். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "எறங்கு" என்றேன்.

"என்னக்கா?"

"பைய எடுத்துட்டு எறங்குடா. நாராயணன் வீட்டுக்குப் போ. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"கூட்டிட்டுப் போகத்தான வந்த?"

"வரும்போது நீ வாசிச்சு நான் கேட்டதில்ல. இப்ப கேட்டுட்டேன். வேலைக்கு வரணும்னு தோணுனா நீயா வா. நான் கூட்டிட்டு வந்ததா இருக்க வேணாம்."

நடத்துநர் பின்னாலிருந்து, "இருக்கீகளா, எறங்குதீகளா? சொல்லுங்க தம்பி" என்றார். சேகர் பையை எடுத்துக்கொண்டான். பிறகு இறங்கினான். ஜன்னலுக்குக் கீழே பையோடு வண்டி நகரும்வரை நின்றான்.

நான் செய்தது சரியா என்று மதுரை வரும்வரை பிடிபடவில்லை. மில்லில் என்ன சொல்வது, ஊரில் என்ன சொல்வது, நாளைக்கு அவன் சோற்றுக்கு யார் பொறுப்பு — அப்பா கேட்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் பதில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "எங்க அவன்?"

"நாந்தான் வழியில எறக்கி விட்டுட்டேன்."

கதவில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. தெரு முனைவரை ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டார்: "நல்லா வாசிக்கிறானா?"

அதற்கு மட்டும் நான் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை.

"நல்லா வாசிக்கிறான்ப்பா."

மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு, பையன் வரமாட்டான் என்று சொல்ல அவரே மில்லுக்குப் போனார்.